நான்காம் படி

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை நின்றிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. மூன்றாம் மாடியின் சன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள் இறங்குவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான், இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலிருந்து நீக்கப்படும் வசதிகளின் பட்டியல் அவளுடைய மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவள் ஆவணப் பிரிவின் தலைவி. கோடிக்கணக்கான கணினிகளை எழுப்பி, வேலை வாங்கி, உறங்கவைக்கும் அந்த இயங்குதளத்தில் ஒவ்வொரு பதிப்பிலும் சில வசதிகள் புதிதாகப் பிறக்கும். அவற்றைப் பற்றி எழுத விளம்பரப் பிரிவில் ஆறேழு பேர் முண்டியடிப்பார்கள். சில வசதிகள் போய்ச் சேரும். அவற்றைப் பற்றி எழுத அவள் ஒருத்திதான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் சித்திரகுப்தி என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. சித்திரகுப்தனின் ஏட்டில் எழுத்துப்பிழை இருந்ததாக இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

பட்டியலில் மூன்று பத்திகள்: வசதி, நிலை, மாற்று. அடியில் காரணத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு நீக்கத்துக்கும் தனியே ஒரு முடிவுத்தாள் உண்டு. அதில் பொறியாளர், வெளியீட்டு மேலாளர், ஆவணத் தலைவி ஆகிய மூவரும் மையால் கையொப்பமிட வேண்டும். கணினியால் பிழைக்கும் அந்த நிறுவனம் கணினியை நம்பாத இடம் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு முப்பத்தொரு வசதிகள். தொலைநகல் அனுப்பும் சாளரம். திரையில் நாள் முழுதும் மீன்கள் நீந்தும் தொட்டி. யாருடைய கையெழுத்தையும் படிக்கத் தெரியாத கையெழுத்துப் படிப்பான். பெரும்பாலானவற்றுக்குக் கண்ணீர் சிந்த ஆளில்லை. அவள் பேனாவை வரிவரியாக நகர்த்திக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்றாம் வரியில் பேனா நின்றது.

வசதி: ஒற்றைப் பொத்தான் விசைப்பலகை. நிலை: நீக்கப்படுகிறது. மாற்று: பார்வை உள்ளீடு. காரணம்: உலகம் முழுவதும் பயன்பாட்டில் உள்ள கணினிகள், ஆறு.

அவளுடைய தம்பி பேசுவது அந்த விசைப்பலகையால்.

அவள் தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். பொறியாளர் அவளைவிட நாலைந்து வயது இளையவர். பேசும்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காதவர்.

"ஆறுன்னு போட்டிருக்கீங்களே, இந்த எண் எங்கேருந்து வந்துச்சு?"

"கம்ப்யூட்டரே சொல்றதுதான் மேடம். எந்த வசதியை எத்தனை பேர் தொடுறாங்கன்னு மாசம் ஒரு தடவை அதுவே நமக்கு அனுப்பிடும். நாம போய் யாரையும் கேக்கறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சே ஆறுக்கு மேல இருக்காங்க."

"எதை எடுத்தாலும் யாருக்காவது தெரிஞ்சவங்க இருக்கத்தான் செய்றாங்க. மீன்தொட்டியை எடுக்கறோம்னு தெரிஞ்சதும் எங்க மாமனார் மூணு நாள் என்கூடப் பேசல. நிம்மதியா இருந்தேன்."

"என் தம்பி அதுலதான் பேசறான்."

பொறியாளரின் கண் திரையிலிருந்து விலகியது. தம்பி ஒருவன் இருப்பதும், படுக்கையில் இருப்பதும் அவருக்குத் தெரியும். எதனால் பேசுகிறான் என்பது தெரியாது.

"சாரி மேடம். அப்போ அந்த ஆறுல ஒண்ணு அவரோடதா இருக்கும்." விசைகளைத் தட்டினார்; நெற்றியைச் சுருக்கினார்; மீண்டும் தட்டினார். "இல்லையே. ஆறும் எங்கெங்கயோ இருக்கு. நம்ம ஊர்ல ஒண்ணுகூட இல்ல."

"அப்போ என் தம்பி எங்கே?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் பொறியாளர் அல்லர் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

மாலை நாலரை மணிக்கே அவள் வீடு திரும்பினாள். கதவைத் திறந்தவர் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுதும் மகனோடு இருப்பதே அவருடைய வேலை. இதில் ஓய்வு கிடையாது.

"உங்க துரை இன்னைக்கு ஏக குஷி. மத்தியானத்துக்குள்ள என்னை மூணு தடவை திட்டியாச்சு."

துரை என்பது அவனுடைய பெயரன்று. எட்டு வயதிலேயே இருந்த இடத்தைவிட்டு அசையாமல் தண்ணீர், பென்சில், பந்து எல்லாவற்றையும் தன்னிடம் வரவழைத்துக்கொண்டதால் வீட்டில் வைத்த பெயர். பிற்பாடு அதை மாற்றியிருக்கலாம். அவன்தான் வேண்டாம் என்றான். அவன் வானொலியில் கால்பந்து வர்ணனையாளனாக இருந்தவன். பந்து காலைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவனுடைய வாக்கியம் கிளம்பிவிடும் என்பார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, முப்பத்தோராம் வயதில், மூளைத்தண்டின் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. நாக்கு போயிற்று, கை கால் போயிற்று. கண்கள் மிஞ்சின, ஆனால் அன்றிலிருந்து அவை கடிகார ஊசல்போல ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கின்றன. மீண்டுவந்தது வலக்கைக் கட்டைவிரல் ஒன்றுதான்.

அந்தக் கட்டைவிரலுக்குத்தான் ஒற்றைப் பொத்தான் விசைப்பலகை. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஓர் ஒளிக்கட்டம் மேலிருந்து கீழே இறங்கும். வேண்டிய வரிசைக்கு அது வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் ஒளி எழுத்தெழுத்தாக நகரும். மீண்டும் ஓர் அழுத்தம். தவறவிட்டால் முதலிலிருந்து. பாதி எழுதிய சொல்லை அதுவே ஊகித்து முடித்தும் காட்டும். நிமிடத்துக்கு இருநூறு சொல் பேசியவன் இப்போது நிமிடத்துக்கு மூன்று சொல் பேசுகிறான். அக்கா என்று எழுத நேரம் பிடிக்கும் என்பதால் அவளை 'அ' என்றே விளிப்பான். முதல் வரிசையில் முதல் எழுத்து, மலிவு.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவன் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டாலும் வேறொருவர் அதை முடித்துவைக்கக் கூடாது. அவன் முற்றுப்புள்ளி வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா ஒரே ஒருமுறை அவசரப்பட்டு முடித்துவைத்தார். இரண்டு நாள் அவரோடு ஒரு சொல் இல்லை.

அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். திரையில் எழுத்துகள் வந்தன.

"அ. முகம் சரியில்ல."

"ஒண்ணுமில்லடா. ஆபீஸ்ல வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

"உனக்கா. நம்பிட்டேன்."

அவள் கணினியின் அமைப்புகளைத் திறந்து தேடினாள். பயன்பாட்டு விவரம் அனுப்புதல்: நிறுத்தப்பட்டுள்ளது.

"இதை யாருடா நிறுத்தினது?"

ஒளிக்கட்டம் இறங்கியது, நகர்ந்தது, இறங்கியது.

"நீதான். நாலாவது படி."

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த விசைப்பலகை வந்தபோது இதற்கான உதவிப் பக்கத்தை எழுதியவள் அவளே. அதற்காகப் பதினொரு சனிக்கிழமைகள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கட்டைவிரல் எங்கெங்கே தடுமாறுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். அவள் எழுதிய ஆயிரத்து நானூறு பக்கங்களில் யாருக்காக எழுதுகிறோம் என்பது முழுதும் தெரிந்து எழுதியது அது ஒன்றுதான். நான்காம் படி அந்தப் பக்கத்தின் உயிர் என்று அவளே நினைத்திருந்தாள். மாதம் ஒருமுறை திரையின் நடுவில் ஒரு சிறு சாளரம் வரும்: 'உங்கள் பயன்பாட்டு விவரம் அனுப்பப்பட்டது. நன்றி.' கை உள்ளவர்கள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒற்றைப் பொத்தான்காரர்களுக்கோ அந்தச் சாளரம் வந்ததும் ஒளிக்கட்டம் நின்றுவிடும். 'சரி' என்ற இடத்துக்குப் பொத்தானால் போக முடியாது. ஒருமுறை அப்பா வெளியே போயிருந்தபோது அது வந்தது. ஐந்து மணி நேரம் அவன் தாகத்தோடு, தனக்கு நன்றி சொல்லும் ஒரு சாளரத்தைப் பார்த்தபடி கிடந்தான். அன்று எழுதியது நான்காம் படி: 'பயன்பாட்டு விவரம் அனுப்புவதை நிறுத்துக.'

அந்தச் சாளரத்தைத் திருத்தச் சொல்லியும் அவள் அப்போதே எழுதினாள். 'உங்கள் பக்கத்திலேயே வழி சொல்லியிருக்கிறீர்களே, இனி அவசரமில்லை' என்று பதில் வந்தது. பக்கம் பதினெட்டு மொழிகளுக்குப் போயிற்று. நான்காம் படியும் கூடவே போயிற்று.

ஆக, பக்கத்தைப் படித்து, சொன்னபடி செய்த ஒவ்வொருவரும் எண்ணிக்கையிலிருந்து மறைந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய ஆறு பேர் உதவிப் பக்கத்தைப் படிக்காதவர்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று உலகத்தார் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சூனியம் வைப்பவருக்குக் கேடு நினைக்கும் எண்ணமாவது இருக்கும். இங்கே இருந்தது அக்கறை மட்டும்.

அவள் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள்: பட்டியல், இருபத்து மூன்றாம் வரி, ஆறு என்ற எண், நான்காம் படி. ஒளிக்கட்டம் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுதினான்.

"இன்னும் விசில் ஊதல இல்ல."

"ஊதல."

"கழகத்துல சொல்றேன்."

கழகம் என்பது ஒற்றைவிரல் கழகம். அவன் வைத்த பெயர். பல நாடுகளில் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துகொண்டு, தத்தம் மொழியில் எழுதி, மொழிபெயர்ப்பில் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு கூட்டம். அன்று மாலையே அவன் அவர்களுக்கு எழுதத் தொடங்கினான்.

பதினேழு நாளில் அவளுடைய அலுவலக முகவரிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒற்றைப் பொத்தானால் எழுதப்பட்டது; ஆதலால் ஒன்றிலும் வளவள என்ற பேச்சில்லை. 'நான் அந்த ஆறில் ஒருத்தி அல்ல.' 'இதை எழுத நாற்பது நிமிடம் ஆனது. முழுவதும் படிக்கவும்.' 'என் மகளோடு சண்டை போட எனக்கு வேறு வழி இல்லை.' அவள் அவற்றை அச்சிட்டு, துளையிட்டு, நாள்வாரியாகக் கோத்து வெளியீட்டு மேலாளரிடம் கொடுத்தாள். கூட்டம் டிசம்பர் நான்காம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு.

வெளியீட்டு மேலாளர் நல்ல பெண்மணி. அதனால் வேலை எளிதாகிவிடவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"எல்லாத்தையும் படிச்சேன்க்கா. ஞாயித்துக்கிழமை பூரா படிச்சேன்," என்றார் அவர். கூட்டங்களில் மேடம் என்பவர் அன்று அக்கா என்றதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "எண் தப்பு. நான் ஒத்துக்கறேன், பதிவும் பண்ணிட்டேன். ஆனா எண் மட்டும் காரணமா இருந்தா இந்தக் கூட்டமே தேவையில்ல. நீங்களே காட்டிடுங்க."

கடைசி வாக்கியம் பொறியாளருக்கு. அவர் மேசையில் இரண்டு மடிக்கணினிகளைத் திறந்து வைத்தார். ஒன்றில் ஏதோ ஒரு கடவுச்சொல்லைத் தட்டினார். தொடாமலேயே மற்றதின் திரையில் அந்தக் கடவுச்சொல் எழுத்தெழுத்தாக வந்தது.

"இந்த விசைப்பலகை பூட்டுத்திரைக்கும் அடியில ஓடுது மேடம். பாஸ்வேர்டையே இதாலதான போடணும், அதனால அப்படி வச்சாங்க. அங்க இருந்தா எல்லாத்தையும் பாக்கலாம். போன மாசம், பட்டியல் வந்த பிறகு, ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. இதைப் பயன்படுத்தினாலும் சரி, பயன்படுத்தாட்டியும் சரி, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் உள்ள உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாத்துலயும்."

"அடைக்க முடியாதா?"

"எழுதினவர் போய் நாலு வருஷம் ஆச்சு. நானும் ரெண்டு வாரம் முட்டிப் பாத்துட்டேன். ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் திறக்குது. முதல்லேருந்து எழுதணும். ரெண்டு பேர், பத்து மாசம். அதுவரைக்கும் இதைத் திறந்து வைக்க முடியாது."

"இந்தப் பதிப்புல முடியாது," என்றார் மேலாளர். "அடுத்ததுலயும் வாக்குக் குடுக்க மாட்டேன். குடுத்துட்டு ஏமாத்தக் கூடாது." கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "எனக்கு வயித்தெரிச்சலே வேறக்கா. எழுதற வழி எல்லாத்தையும் புதுசா கட்டினது மூணு வருஷத்துக்கு முன்னாடி. எந்த வழில எத்தனை பேர் எழுதறாங்கன்னு எண்ணிப் பாத்துதான் ஒவ்வொண்ணுக்கும் இடம் ஒதுக்கினோம். இதுக்கு நேரா அன்னைக்கு இருந்த எண் நாலு. முந்நூறுன்னு இருந்திருந்தா இதையும் புதுசா கட்டியிருப்போம், ஓட்டையே வந்திருக்காது. அன்னைக்கு அது ஒரு வாரத்து வேலை."

யாரும் குரலை உயர்த்தவில்லை. அவளுடைய பக்கத்தைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டது அவளுக்குச் சொன்னதைவிட நன்றாகக் கேட்டது. ஓட்டையைத் திறந்து காட்டியவர் பொறியாளர். ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன்பே கதவைச் சாத்தியவள் அவள்.

முடிவுத்தாள் மேசைமீது வைக்கப்பட்டது. பொறியாளரின் கையொப்பமும் மேலாளரின் கையொப்பமும் அதில் இருந்தன. மாற்று என்ற பத்தியில் பார்வை உள்ளீடு.

"கண்ணால பாத்தா எழுதற கருவி," என்றார் மேலாளர். "நிறைய பேருக்கு உதவும். ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. தம்பி முயற்சி பண்ணிப் பாக்கட்டும்."

அவள் கருவியையும் தாளையும் எடுத்துக்கொண்டாள். கையொப்பமிடவில்லை. அவளுடைய கையொப்பம் இல்லாமல் ஏழாம் பதிப்பு வெளிவர முடியாது. அவளை வற்புறுத்த யாருக்கும் மனமும் வரவில்லை. தாள் அவளுடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள்.

கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். ஆடுகிற கண்ணைத் தொடர்ந்து திரையிலிருந்த அம்பும் ஆடியது. அரைமணி நேரத்தில் ஏழு வரி வந்தது. ஒரு சொல்கூட எந்த மொழியிலும் இல்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம டாக்டர் சீட்டு மாதிரியே இருக்கே," என்றார். தம்பியின் வாயோரம் துடித்தது. அது அவனுடைய சிரிப்பு. பழைய பொத்தானை விரலடியில் வைத்ததும் எழுதினான்.

"குடிகாரன் எழுதின கடுதாசி. அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பு."

கடையில் கிடைக்கும் வேறு கருவிகளையும் அவள் விசாரித்தாள். இரண்டு இருந்தன. இரண்டுக்கும் தம்பி எழுதும் மொழியின் எழுத்துத் தெரியாது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை மாலை, தாளைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அப்பா காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தார். இனியும் தள்ளிப்போட முடியாது என்று, கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் தம்பியிடம் சொன்னாள்.

"ஓட்டைன்னா, நீ இங்க எழுதறதை வேற எங்கயோ உக்காந்து எவனாவது படிக்கலாம்டா."

"படிக்கட்டும். எனக்கு வாசகர்கள் கம்மி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

"உன்னோடதை மட்டும் இல்ல. எல்லாரோடதையும்."

"எல்லார் கம்ப்யூட்டர்லயுமா."

"எல்லார்துலயும். ஆஸ்பத்திரில இருக்கறதுலகூட."

ஒளிக்கட்டம் பலமுறை ஏறி இறங்கியது. அவன் வேண்டுமென்றே விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ எடுக்கத்தான் வேணும்," என்று எழுதினான். சற்றுப் பொறுத்து, "எனக்கு எவ்வளவு நாள்?"

"பழைய பதிப்புலயே இருக்கலாம். கம்ப்யூட்டர் ஓடும். ஆனா பதினாலு மாசம் கழிச்சு மெயில், கழகம் எதுவும் பழைய பதிப்பை உள்ள விடாது. இந்த ரூமுக்குள்ள பேசலாம். வெளிய போகாது."

அவன் கணக்குப் போட்டான் என்பது, எழுதத் தொடங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு நாலு மணி நேரம். மூணு லட்சம் வார்த்தை. ஒரு மேட்ச்சுக்கு இருபதாயிரம் பேசுவேன். பதினஞ்சு மேட்ச்."

ஒரு காலத்தில் அது அவனுக்கு ஒரு பருவத்தின் பாதிகூட ஆகாது. அவள் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்:

"நான் அந்த நாலாவது படியை எழுதாம இருந்திருந்தா உங்க எல்லாரையும் எண்ணியிருப்பாங்கடா. நான்தான் உன் வாயை அடைச்சேன்."

அவன் எழுதத் தொடங்கினான். 'நான்தான்' என்று வந்தது. 'எல்லாருக்கும்' என்று வந்தது. மூன்றாம் சொல் முளைப்பதற்கு முன்பே அவளுக்கு முழு வாக்கியமும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லி அவன் விரலைப் பிடித்திருக்கலாம். சொல்லாதே, தெரியும் என்றிருக்கலாம். ஆனால் அவனுடைய வாக்கியத்தை வேறொருவர் முடிக்கக் கூடாது. அவள் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒளிக்கட்டம் இறங்குவதையும் நகர்வதையும், அது ஒருமுறை தவறி மீண்டும் முதலிலிருந்து வருவதையும் பார்த்தபடி இருந்தாள். நான்கு நிமிடம் ஆயிற்று.

"நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன். எங்க அக்கா எழுதினது, ஒரு வரி விடாம செய்யுங்கன்னு."

முற்றுப்புள்ளியையும் வைத்தான். அவள் அழுதாள். அவனுடைய கண்கள் எப்போதும்போல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து வழிந்ததை அவள்தான் துடைத்தாள்.

உலர்ந்த துணிகளோடு அப்பா உள்ளே வந்தார். இருவரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார், படித்தார். துணியைக் கட்டிலின் காலடியில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே மீண்டும் பிரித்து மடித்தார்.

சிறிது நேரம் கழித்துத் தம்பி கேட்டான்.

"தாள் எத்தனை நாளா உன்கிட்ட இருக்கு?"

"பதினஞ்சு நாள்."

"அத்தனை நாளும் ஓட்டை திறந்து கெடக்கா?"

"ஆமா."

"உன் பேனா என்ன விரதமா இருக்கு? போடு."

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். மாற்று என்ற பத்தியை அவன் பார்க்கும்படி பிடித்தாள். ஆடும் கண்ணால் ஒரு வரியைப் படிக்க அவனுக்கு நேரமாகும், பொறுத்திருந்தாள்.

"இதுல பார்வை உள்ளீடுன்னு போட்டிருக்காங்க. நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன். அடிச்சிட்டு இல்லைன்னு எழுதப் போறேன்."

"கழகத்துல பாதிப் பேருக்கு அது உதவும். அவங்களுக்கு வழிய மறைக்காத."

அவள் இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எண்ணிப் பார்க்காமல் ஒரு சொல்லை எழுதவிருந்தோம் என்பது, அந்த மாலையிலும், அவளுக்கு உறைத்தது. கட்டில் விளிம்பில் பலகையை வைத்து எழுதினாள். அச்சிட்டதை ஒரே கோட்டால் அடித்தாள். மேலே சிறிய, நேரான எழுத்தில்: 'கண்ணை நிலையாக நிறுத்த முடிந்தவர்களுக்குப் பார்வை உள்ளீடு. மற்றவர்களுக்கு மாற்று இல்லை.' வாசித்துக் காட்டினாள்.

"சரியா இருக்கு," என்று எழுதினான் அவன்.

அவள் கையொப்பமிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு மேலாளரின் அறைக்குப் போனாள். மேலாளர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்கக்கா. நான் ஆளனுப்பிக் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"தெரியும். மூணாவது பத்தில கொஞ்சம் மாத்தியிருக்கேன். மாற்று இல்லைன்னு ஒரு வாக்கியம் இருக்கு."

"அக்கா, அது வெளிய போற தாள். சட்டப் பிரிவுல குதிப்பாங்க. இப்படி ஒரு வாக்கியம் நம்ம பட்டியல்ல எப்பவுமே வந்ததில்ல."

"அதை எடுக்கணும்னா எடுத்துக்குங்க. அப்போ என் கையெழுத்தையும் சேத்து எடுத்துடுங்க."

மேலாளர் சன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

நேற்றைய மாலையில் எதைச் சொல்லலாம், எது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் உரியது என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"போடச் சொன்னான்."

மேலாளர் தலையசைத்தார். கையை நீட்டினார்.

அவள் கோப்பிலிருந்து தாளை எடுத்தாள், எழுத்துகள் மேலாளரை நோக்கி இருக்கும்படி திருப்பினாள், கொடுத்தாள்.